கடலோர வீட்டு பட்ஜெட் ரிசீவர்: தானா ஏறும் வால்யூம், புரொடெக்ட், செத்துப்போன எச்டிஎம்ஐ

பெஞ்சுக்கு வந்த செட்டு 5.1 பட்ஜெட் ஏ.வி. ரிசீவர், அதாவது டிவி, டிடிஎச் பாக்ஸின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி. ஆம்ப் சானல் ஐந்து, சப்வூஃபருக்கு பிரீ-அவுட் (ஆம்ப் இல்லாத வெறும் சிக்னல் வாய்) மட்டும், எச்டிஎம்ஐ இன்புட் நாலு. ஃப்ரண்ட் இரண்டுக்கும் திருகு டெர்மினல். சென்டர், சரவுண்டுக்கு ஸ்ப்ரிங் கிளிப். துபாயிலிருந்து பெட்டியோடு வந்து, கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கடல் பார்த்த ஜன்னல் உள்ள ஹாலில் ஆறு வருஷம் ஓடியிருக்கிறது.

புகார் நாலு. ராத்திரி பத்து மணிக்கு மேல் வால்யூம் தானாக ஏறுகிறது, இன்புட் மாறுகிறது. மெதுவாக வைத்தால் இடது ஸ்பீக்கர் காணாமல் போகிறது. சண்டைக் காட்சியில் டப்பென்று அணைந்து 'புரொடெக்ட்' (தன்னைக் காத்துக்கொள்ள செட்டே நின்றுவிடும் நிலை) காட்டுகிறது. ஐப்பசி இடி மழைக்குப் பிறகு எச்டிஎம்ஐ 2 வேலை செய்யவில்லை. 'ஆம்ப் போயிருச்சு, புதுசு வாங்குங்க' என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். நாலு புகாரில் ஒன்றுக்கும் ஆம்ப் காரணம் இல்லை. கடலோரத்தில் பெரும்பாலும் இப்படித்தான்: பவர் டிரான்சிஸ்டர் கடைசியில் சாகும், பத்து ரூபாய்ச் சாமான்தான் முதலில் சாகும்.

திறப்பதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து வந்த செட்டென்றால் முதலில் பின்பக்க ஸ்டிக்கர். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிரச்சினை இல்லை. 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்க மாடல்; ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கே குத்தவே கூடாது. டிரான்ஸ்ஃபார்மரும் சும்மா 100 வாட் போதாது, செட்டின் பின்னால் எழுதியிருக்கும் வாட்டுக்கு ஒன்றரை மடங்கு வேண்டும். சவூதியிலிருந்து வந்த பழைய செட்டுகளில் 110–127க்கும் 220க்கும் மாற்றும் ஸ்விட்ச் பின்னால் இருக்கலாம். அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிளக்கைத் தொட வேண்டும். அமெரிக்க செட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எஃப்.எம். 0.2 மெகாஹெர்ட்ஸ் படியில் தாவுகிற மாடலென்றால் 100.9க்குப் பிறகு 101.1தான் வரும். நாகர்கோவில் வானொலியின் 101 நடுவில் மாட்டிக்கொண்டு கரகரக்கும். டியூனர் ரிப்பேர் என்று அதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

இந்தச் செட்டு 230 வோல்ட்தான். ஆனால் சதுரக் கால் பிளக்கை மல்டி-அடாப்டரில் சொருகி ஆறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். அடாப்டருக்குள் பித்தளை பச்சை பூத்து, ஒரு பக்கம் கருகியிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வயரில் நல்ல 6 ஆம்ப் பிளக் போட்டாயிற்று.

பிளக்கைப் பிடுங்கி, மேல் மூடியைக் கழற்றியதும் பெரிய கெபாசிட்டர் இரண்டையும் காலி செய்ய வேண்டும். இதில் 8200 மைக்ரோஃபாரட், 50 வோல்ட், இரண்டு. ரயில், அதாவது ஆம்புக்குப் போகும் டி.சி. சப்ளை, ±40 வோல்ட் பக்கம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் பல பெஞ்சில் உண்டு. கெபாசிட்டரின் உள்ளிணைப்பும் போர்டின் செம்புத் தடமும் அதில் அடிபடும். 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் இரு காலிலும் வயர் பற்றவைத்து, ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் இருபது விநாடி பிடித்தால் போதும். பிறகு மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டுக் கையை வைக்கலாம்.

உப்பு

மூடியைத் திறந்தபோது ஹீட்சிங்க் ஓரத்தில் வெள்ளைப் பொடி. டிரான்ஸ்ஃபார்மர் தகட்டில் துரு. முன்பக்க போர்டின் சாலிடர் புள்ளிகள் பளபளப்பு இழந்து சாம்பல் நிறம். ஒரு பல்லி முட்டை ஓடும் கிடந்தது.

உப்பை வெறும் தூசு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலோரத்தில் ராத்திரி அந்த அளவு சாதாரணம். பகலில் பேசாமல் இருக்கிற செட்டு ராத்திரி ஆட்டம் போடுவதன் ரகசியம் இதுதான்: பகலில் பொடியாக இருப்பது ராத்திரியில் மின்சாரம் கடத்தும் படலமாகிறது. செட்டு ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் முன்பக்க போர்டில் 3.3 அல்லது 5 வோல்ட் எப்போதும் நிற்கிறது. அந்த ஈரத்தில் மின்னரிப்பு இருபத்து நாலு மணி நேரமும் நடக்கும்.

சுத்தம் செய்வதில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் தேய்ப்பது. எண்ணெயும் ஃப்ளக்ஸும் (சாலிடர் பிடிக்கச் சேர்க்கும் பசை) போகும், உப்பு போகாது. உப்பு ஆல்கஹாலில் கரைவது இல்லை என்றே சொல்லலாம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். முதலில் டிஸ்டில்டு வாட்டர். கார் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரேதான், ஒரு லிட்டர் போதும். (ஆசிட் கேன் பக்கத்தில் இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்கவும்.) மென்மையான அரை இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷை நனைத்து போர்டைத் துடைத்து, அழுக்குத் தண்ணீரை டிஷ்யூவில் ஒற்றி எடுக்க வேண்டும். மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் 99 சதவீத ஆல்கஹால்: மிச்ச நீரை அது இழுத்துக்கொண்டு போகும். டிரான்ஸ்ஃபார்மர், மூடியில்லாத ரிலே (மின்காந்த ஸ்விட்ச்), வால்யூம் என்கோடர் (குமிழ் திரும்புவதை எண்ணும் பாகம்), டிஸ்ப்ளே ஆகியவற்றின் மேல் தண்ணீர் படவே கூடாது. காய வைக்க வெயில் வேண்டாம். அட்டைப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு ஓர் இரவு முழுக்க வைத்தால் போதும்.

பேய் பட்டன்

'செட்டு தானா பேசுது அண்ணே' என்பதுதான் வந்தவரின் சொல். உள்ளே நடப்பது இது. பட்ஜெட் செட்டில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. ஏழெட்டு பட்டன்கள் ஒரே லைனில், நடுவே ரெசிஸ்டர்கள் வைத்து ஏணி மாதிரி கோக்கப்பட்டிருக்கும். எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அதற்குத் தக்க வோல்டேஜ் மாறும். அதை அளந்துதான் கண்ட்ரோலர் ஐசி 'இது இன்புட் பட்டன்' என்று கண்டுபிடிக்கிறது. ஒரு பட்டனுக்குள் ஈரம் ஏறிச் சில பத்து கிலோ ஓம் கசிந்தால் போதும், ஐசி வேறொரு பட்டன் அழுத்தப்பட்டதாக நினைக்கும். அதனால் கெட்ட பட்டன் ஒன்று, ஆட்டம் காட்டும் பட்டன் இன்னொன்று. வால்யூம் பட்டனை மட்டும் மாற்றிவிட்டுத் தலையைச் சொறிவது இதனால்தான்.

முன்பக்க போர்டைக் கழற்றி, பட்டன்களை எடுத்து ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தபோது நல்லவை 20 மெகா ஓம் ரேஞ்சையும் தாண்டி நின்றன. 'டியூனர்' பட்டன் மட்டும் 38 கிலோ ஓம். அதன் மேல் வாயால் 'ஹா' என்று ஊதியதும் 21க்கு இறங்கி, அரை நிமிஷத்தில் மெல்ல ஏறியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மீதியும் அதே வயசுதான். 6×6 மி.மீ. நாலு கால் டாக்ட் ஸ்விட்ச், இதில் பதினொன்று. வாங்கும்போது தண்டின் உயரத்தை அளந்துகொண்டு போக வேண்டும். இதில் இருந்தது 5 மி.மீ.; 7 மி.மீ. போட்டால் முகப்பை மாட்டியதும் பட்டன் அழுந்தியே நிற்கும். போர்டு பழுப்பு நிற ஒற்றைப் பக்க போர்டு. சூடு அதிகமானால் செம்பு உரிந்து வந்துவிடும். சாலிடரிங் அயர்ன் 330 டிகிரிக்கு மேல் வேண்டாம், ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம். முடிந்ததும் ஃப்ளக்ஸ் மிச்சத்தை ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும். அதுவே அடுத்த வருஷம் ஈரம் பிடிக்கும் இடமாகிவிடும்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது எண் முன்னே பின்னே குதித்தால் அது என்கோடர். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு முப்பது தடவை திருப்பிப் பார்க்கலாம். ஆறு மாசத்தில் திரும்ப வந்தால் மாற்றிவிடுவது நல்லது.

இடது சானல் காணாமல் போவது

மெதுவாக வைத்தால் சத்தம் இல்லை. வால்யூமைக் கூட்டினால் டக்கென்று வருகிறது, பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் இருக்கிறது. இதைக் கேட்டவுடனே ஸ்பீக்கர் ரிலேயைத்தான் சந்தேகப்பட வேண்டும். கான்டாக்டின் மேல் படிந்த ஆக்சைடு படலத்தைச் சின்ன சிக்னலால் உடைக்க முடியாது, பெரிய சிக்னல் உடைத்துவிடும். உறுதிப்படுத்த, செட்டு ஓடும்போது ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேயின் தலையில் லேசாகத் தட்டினால் சத்தம் வந்து போகும்.

ரிலேயை எடுத்துப் பெஞ்ச் சப்ளையில் 24 வோல்ட் கொடுத்துப் பார்த்தோம். வலது கான்டாக்ட் 0.1 ஓம். இடது கான்டாக்ட் 4 ஓம், தட்டத் தட்ட மாறுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் இரண்டு மாசம் ஓடும். மேல் பூச்சு போய்விட்டதால் அதற்குப் பிறகு முன்னைவிட மோசமாகும். புது ரிலேதான் வழி: 24 வோல்ட் காயில், டபுள் போல் (இரண்டு கான்டாக்ட்), கான்டாக்ட் 5 ஆம்ப், கால் அமைப்பு அதே. காயிலின் ரெசிஸ்டன்ஸும் பழையதுக்குப் பக்கத்தில், சுமார் 1.1 கிலோ ஓம், இருக்க வேண்டும். ரொம்பக் குறைவென்றால் ரிலேயை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டர் சூடாகும்.

புரொடெக்ட்

புரொடெக்ட் என்று எழுத்து வந்ததும் ஆம்பைக் கழற்றுவது கடைசி வேலை. வரிசை இப்படி இருக்கட்டும்: எல்லா ஸ்பீக்கர் வயரையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் கோளாறு வெளியே. நிற்காமல் மறுபடி புரொடெக்ட் போனால் கோளாறு உள்ளே.

உள்ளே என்றால் சீரிஸ் பல்பு (செட்டுக்குப் போகும் மெயின் லைனில் தொடராக மாட்டும் குண்டு பல்பு) வேண்டும். ஒற்றை 100 வாட் பல்பு போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. ரிசீவர் சும்மா இருக்கும்போதே 40 வாட் பக்கம் இழுக்கும். பல்பு அதற்கே வோல்டேஜைத் தின்றுவிட, ரயில் குறைந்து செட்டு பயந்து புரொடெக்ட் போகும். நல்ல செட்டும் கெட்ட மாதிரி தெரியும். இரண்டு 100 வாட் பல்பை பேரலலில் போட்டால் சரி. ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்துவிட்டு, அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மீட்டரின் டயோடு மோடில் பார்க்க வேண்டும். கலெக்டர்–எமிட்டர் இரண்டு திசையிலும் பூஜ்யம் காட்டுவது செத்தது. ஒன்று செத்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அதோடு அந்தச் சானலின் டிரைவர் டிரான்சிஸ்டர்களும், 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களும் பார்க்கப்பட வேண்டும். சந்தையில் போலி டிரான்சிஸ்டர் நிறைய. எண் சரியாக இருக்கும், உள்ளே சில்லு சின்னதாக இருக்கும். முதல் சண்டைக் காட்சியிலேயே வெடிக்கும்.

இந்தச் செட்டு ஸ்பீக்கர் இல்லாமல் நன்றாக நின்றது. டெர்மினலில் டி.சி. அளந்ததில் ஐந்து சானலும் 12 மில்லிவோல்ட்டுக்குள். 50க்குள் இருந்தாலே கவலையில்லை. ஆக கோளாறு வெளியே.

வீட்டிலிருந்து ஸ்பீக்கரைக் கொண்டுவரச் சொன்னதும் விஷயம் வெளிச்சமாயிற்று. பழைய டிவிடி ஹோம் தியேட்டர் பெட்டியோடு வந்த குட்டி ஸ்பீக்கர்கள். மீட்டரில் 2.9 ஓம், மீட்டர் வயரின் 0.3ஐக் கழித்தால் 2.6. அப்படியென்றால் 3 ஓம் ஸ்பீக்கர். ரிசீவரின் பின்னால் '6–16 ஓம்' என்று அச்சடித்திருக்கிறது. அதே வோல்டேஜுக்கு 6 ஓம் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு கரண்ட். மெதுவாகக் கேட்கிறவரை தெரியாது. குண்டு வெடிக்கும்போது ஓவர்-கரண்ட் சர்க்யூட் கையை உயர்த்திவிடும். அது செட்டின் குறையில்லை, காவல்.

எந்த ஸ்பீக்கரையும் மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள்: 5.5 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம், 4.5ஐ ஒட்டி என்றால் 6 ஓம், 3 முதல் 3.5 என்றால் 4 ஓம். சீரிஸில் ரெசிஸ்டர் போட்டு ஓட்டலாமா என்று கேட்பார்கள். பாதி பவர் ரெசிஸ்டரில் சூடாகப் போகும், சத்தத்தின் தன்மையும் கெடும். வேண்டாம். ஃப்ரண்ட் இரண்டுக்கும் சென்டருக்கும் மட்டும் முதலில் 6 அல்லது 8 ஓம் வாங்கிவிட்டு, சரவுண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வீட்டில் அப்படித்தான் முடிவாயிற்று.

வயர்: 1.5 சதுர மி.மீ. செம்பு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். சரவுண்டுக்கு 10 மீட்டர் ஓட்டினால் போக வர 20 மீட்டர், 0.24 ஓம். 6 ஓம் ஸ்பீக்கருக்கு இது 4 சதவீதம், தாராளம். கடலோரத்தில் வயர் நுனி கறுத்துப்போகும். வருஷத்துக்கு ஒரு முறை அரை இஞ்ச் வெட்டி, புதிதாகச் சீவி, கிரிம்ப் பின் அடித்து மாட்ட வேண்டும். ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் புரொடெக்ட்தான்.

எச்டிஎம்ஐயும் இடியும்

மேற்கே சித்திரை, வைகாசி இடி. பிறகு ஐப்பசி இடி. இரண்டு பருவத்திலும் எச்டிஎம்ஐ போர்டுகள் வரிசையாக வரும். மின்னல் கரண்ட் பிளக் வழியாக வருகிறது என்று நினைத்து ஸ்பைக் கார்டு வாங்குகிறார்கள். பல வீடுகளில் அது மொட்டை மாடி டிடிஎச் டிஷ்ஷிலிருந்து கேபிள் வழியாக செட்-டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக ரிசீவருக்குள் நுழைகிறது. இந்த வீட்டிலும் எச்டிஎம்ஐ 2ல் டிடிஎச் பாக்ஸ்தான் இருந்தது. இடி முழங்கினால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற வேண்டும். பிளக்கை மட்டும் கழற்றுவது பாதி வேலை.

இன்னொரு கொலைகாரன், எர்த் இணைப்பு இல்லாமல் ஓடுகிற செட்-டாப் பாக்ஸ். அதன் உலோகத்தைத் தொட்டால் சுள்ளென்று இருக்கும். மீட்டரில் எர்த்துக்கு எதிராக 80, 100 வோல்ட் ஏ.சி. காட்டும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனால் எல்லாம் ஓடும்போது எச்டிஎம்ஐயைச் சொருகினால் முதல் தொடுதலில் அது டேட்டா பின்னுக்குப் போகலாம். டிவி, ரிசீவர், பாக்ஸ் மூன்றையும் சுவர் ஸ்விட்சில் அணைத்துவிட்டுத்தான் எச்டிஎம்ஐயைத் தொட வேண்டும்.

எச்டிஎம்ஐ போர்டின் ஸ்விட்ச் ஐசியை மாற்றலாம். கால்கள் மயிரிழை, ஹாட் ஏர் வேண்டும், சரியான ஐசி கிடைப்பது அரிது. மற்ற மூன்று இன்புட்டும் ஓடும்போது அதில் கை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. முழு எச்டிஎம்ஐயும் போன செட்டுக்குக்கூட வழி இருக்கிறது: பாக்ஸ், ஸ்டிக் எல்லாவற்றையும் நேராக டிவியில் சொருகி, டிவியிலிருந்து ஆப்டிக்கல் வயர் ஒன்றை ரிசீவருக்கு விடுங்கள். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும். டிவியின் ஆடியோ அமைப்பை பிசிஎம்மில் வைத்திருந்தால் ஸ்டீரியோ மட்டுமே வரும். பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோவுக்கு மாற்ற வேண்டும்.

வீட்டில் திரும்ப வைத்தது

ஜன்னலுக்கு எதிரே இருந்த இடத்தை மாற்றி உள்சுவருக்குக் கொண்டுபோனோம். மேலே 15 செ.மீ. காலி, ரிசீவர் மேல் டிடிஎச் பாக்ஸ் வைக்கிற பழக்கம் நிறுத்தம். மூடிய டிவி ஸ்டாண்ட் என்றால் 12 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை யுஎஸ்பி 5 வோல்ட்டில் ஓட்டி, காற்றை வெளியே இழுக்கும்படி வைக்கலாம். 12 வோல்ட் ஃபேன் 5ல் ஓடும்போது சத்தமே கேட்காது. சில ஃபேன் 5ல் கிளம்பாது, வாங்கும் கடையிலேயே சோதித்துவிடுங்கள். இன்வர்டர் ஸ்கொயர் வேவ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். ரிசீவரை அந்த லைனில் சேர்க்காமல் விடுவது நல்லது.

ஆட்டோ கேலிப்ரேஷன் (ஸ்பீக்கர்களை ரிசீவரே அளந்து சரிசெய்வது) மைக்கைக் காது உயரத்தில், சோபாவின் முதுகிலிருந்து தள்ளி வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும். ஃபேன் ஓடினால் சப்வூஃபர் அளவு கோணலாக வரும். முடிந்ததும் கண்மூடி நம்ப வேண்டாம். இது புது ஃப்ரண்ட் ஸ்பீக்கரை 'லார்ஜ்' என்று போட்டிருந்தது. 'ஸ்மால்', 80 ஹெர்ட்ஸ் என்று மாற்றினோம்; அதற்குக் கீழான பாஸ் சப்வூஃபருக்குப் போகும். சப்வூஃபர் தூரம் நிஜத்தைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டும். சப்பின் உள் ஃபில்டர் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது, திருத்தக் கூடாது. ஊரில் அசெம்பிள் செய்த சப் ஆம்ப் என்றால் அதன் கட்-ஆஃப் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுங்கள். வெட்டுகிற வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும்.

வார்ப்பு வீடு, டைல்ஸ் தரை. கைதட்டினால் 'ட்ரிங்' என்று திரும்பி வந்தது. ஈத்தாமொழிப் பக்கம் கிடைக்கிற தடித்த கயிற்றுப்பாய் ஒன்றை சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் விரித்ததில் வசனத்தின் எதிரொலி பெருமளவு அடங்கியது. சென்டர் ஸ்பீக்கரை இன்னும் விலையுயர்ந்ததாக மாற்றுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

நாலு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியதில் புரொடெக்ட் இல்லை, இடது சானல் விடியற்காலை அமைதியிலும் நின்றது, பட்டன் எதுவும் தானாகப் பேசவில்லை. எச்டிஎம்ஐ 2ன் வாயில் ரப்பர் மூடி செருகி, மெனுவில் அந்த இன்புட்டை 'ஹைட்' செய்தாயிற்று. டிடிஎச் இப்போது 3ல்.